ஜகார்த்தாவுக்குக் குடவாசல் வழியாக

ஜகார்த்தாவுக்குப் போவது சுலபம். விசா, விமானம், ஒரு பெட்டி, அவ்வளவுதான். அங்கே போவதற்கு முன்னால் தஞ்சாவூரையும் திருவாரூரையும் முழங்காலுக்குச் சேதமில்லாமல் கடந்தாக வேண்டும் என்பதுதான் என் தம்பி மகள் எஸ்தருக்கு வந்த சோதனை. அவளுக்குத் துணையாகப் போனது எனக்கு வந்த சோதனை. இதை இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

எஸ்தர் இறகுப்பந்து ஆடிப் பிழைப்பவள். "ஷட்டில் ஆடுறது சரி, பொண்ணு வேலை என்ன பாக்குது?" என்று இன்னும் கேட்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன், அதுதான் வேலை. வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு நாட்டில், ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் உள்ளரங்கத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுவாள். தோற்றால் அன்று மாலையே அடுத்த நாட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும். ஜெயித்தால் குளியலறையில் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு மறுநாளும் ஆட வேண்டும். உலகத் தரவரிசையில் அறுபதுகளில் இருந்தாள். டிவியில் காட்டுவது முதல் பத்துப் பேரை. அறுபதாவது ஆளின் ஆட்டத்தை அவள் அப்பா மட்டும் பார்ப்பார், அதுவும் கைபேசியில், சிக்னல் இருந்தால்.

போன வருடம் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. காயம்பட்டவர்களின் பழைய தரவரிசையைக் கொஞ்ச காலம் பத்திரப்படுத்தி வைக்கும் விதி ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு. அரசுப் பணியில் வேறு பதவிக்குப் போனவருக்காகப் பழைய நாற்காலியைக் காலியாக வைத்திருப்போமே, அதே ஏற்பாடு. எந்த நாற்காலியும் நெடுங்காலம் காத்திருக்காது. ஜகார்த்தா போட்டிதான் கெடுவுக்குள் வரும் கடைசிப் போட்டி. அதில் அவள் இறங்கி ஆடாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தகுதிச் சுற்றில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்தாறு வயதில், தைத்த முழங்காலோடு, அது தொடக்கம் அல்ல, முடிவு.

இந்த நேரத்தில் என் தம்பி சாலமன் தஞ்சாவூர், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, சொந்த ஊர் என்று வரிசையாகப் பாராட்டு விழாக்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தான். சாலமன் பள்ளி ஆசிரியர், நல்லவன், யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. ஜெயித்த பிறகு பாராட்டினால் போதாதா என்று கேட்டேன். "ஜெயிச்சா பெரிய ஊர்க்காரங்க கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்க்கா. அதான் இப்பவே" என்றான். விழாக்குழுக்களின் தொலைநோக்கை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

பெங்களூரிலிருந்து எஸ்தரின் பயிற்சியாளர் பேசினார். இந்தியும் ஆங்கிலமும் கலந்த அவருடைய பேச்சின் சாரம் இது: "மேடம், இந்தப் பெண்ணுக்கு முடியாது என்று சொல்ல வராது. இவள் அப்பாவுக்கும் வராது. நீங்கள் தாசில்தாராக இருந்தவராமே?"

எதற்காக என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று புரிந்தது. பணிக்காலம் முழுவதும் முடியாது என்று சொல்லியே பெயர் வாங்கியவள் நான். அதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று தனிப் பயிற்சியே கொடுக்க முடியும். அவர் நிபந்தனைகளைச் சொன்னார். நின்ற இடத்தில் நின்று பந்தைத் தட்டலாம். ஓடக் கூடாது, தாவக் கூடாது, மூன்று நாளும் எந்தக் கோர்ட்டிலும் இறங்கக் கூடாது. இதைவிடத் தெளிவான அரசாணையை நான் என் பணியில் பார்த்ததில்லை.

முதல் நாள் தஞ்சாவூர். காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் சாலமன் காரோடும் சேகர் என்ற டிரைவரோடும் நின்றிருந்தான். விடுதி அறைக்குள் நுழைந்ததும் எஸ்தர் உடற்பயிற்சியை முடித்துவிட்டு, சுவருக்கு எதிரே நின்று இறகுப்பந்தை டொக் டொக்கென்று தட்டத் தொடங்கினாள். கால் ஓர் அங்குலம் நகரவில்லை. சற்று நேரத்தில் வரவேற்பிலிருந்து போன் வந்தது.

"மேடம், பக்கத்து ரூம்ல கல்யாணத்துக்கு வந்தவங்க தூங்குறாங்க. உங்க ரூம்ல யாரோ ஆணி அடிக்கிறாங்களாம்."

"ஆணி அடிக்கலீங்க. இந்தியாவுக்காக விளையாடுற பொண்ணு பயிற்சி எடுக்குது."

"சரிங்க மேடம். கொஞ்சம் மெதுவா விளையாடச் சொல்லுங்க."

மதியச் சாப்பாட்டில் எஸ்தர் கைப்பையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்து இலையில் விழுந்த சோற்றை நிறுத்துப் பார்த்தாள். பரிமாறியவர் அன்னவாளியோடு அப்படியே நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நெல் விளையும் நாட்டில் சோற்றை எடைபோட்டுத் தின்னும் பெண்ணை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார்.

"உடம்புக்கு என்னங்க பாப்பாவுக்கு?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. ஷட்டில் ஆடுது."

"அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு, அவள் இலையில் யாரும் கேட்காமலே ஒரு கரண்டி நெய்யை ஊற்றிவிட்டுப் போனார்.

மாலையில் பூப்பந்துக் கழகத்தில் விழா. பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, திறந்த வெளி. அது எங்கள் ஊர் ஆட்டம், தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் என்ற பெருமை அங்கே கொஞ்சமும் குறையவில்லை. குறைந்தது ஆடுகிறவர்கள்தான். இறகுப்பந்தை அவர்கள் வசதியான வீட்டுக்குப் பிழைக்கப் போன தம்பியைப் போலப் பார்க்கிறார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். "எங்க ஆட்டத்துல வெயில் உண்டு, காத்து உண்டு. தங்கச்சி ஆடுறது கதவைச் சாத்திக்கிட்டு ஆடுற ஆட்டம். இருந்தாலும் பாராட்டுறோம்" என்றார். பாராட்டிலேயே இப்படி இடம் ஒதுக்கிக் குத்துவது தஞ்சாவூருக்கே உரிய கலை.

பொன்னாடை போர்த்தியதும் எதிர்பார்த்தது வந்தது. "ஒரே ஒரு செட் எங்களோட ஆடிட்டுப் போகட்டுமே!"

எஸ்தர் சிரித்தபடி எழப் போனாள். அவள் பொன்னாடையின் நுனியைப் பிடித்து உட்கார வைத்தேன். "கோரிக்கையை எழுத்துமூலம் கொடுங்க. உரிய முறையில் பரிசீலிக்கப்படும்" என்றேன். கூட்டம் சட்டென்று அடங்கியது. ஓய்வு பெற்றாலும் இந்தச் சொற்களின் வீரியம் குறையவில்லை என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு திருப்தி.

இரண்டாம் நாள் திருவாரூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி. சம்பா அறுவடைக் காலம். நெடுஞ்சாலையின் பாதியில் நெல் காய்ந்தது, மீதிப் பாதியில் நாங்கள் போனோம். நெல் இல்லாத இடங்களில் வைக்கோல் பரத்தியிருந்தார்கள். ஜகார்த்தாவிலும் சாலை நெரிசல் பிரசித்தமாம். ஆனால் அங்கே வண்டிகளால் நெரிசல். இங்கே விளைச்சல் வழியை மறிக்கிறது, கோபப்படவும் மனம் வராது.

எங்களுக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிள் ஒன்று வைக்கோல்மீது ஏறிய மறுகணம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. ஓட்டியவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"வைக்கோல் மேல பிரேக் புடிச்சா அவ்ளோதாங்க. ஐஸ்கட்டி தோத்துடும்" என்றார் சேகர். சொன்ன சூட்டோடு எங்கள் காரும் நின்றது. சக்கரத்தின் அச்சில் வைக்கோல் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. சேகர் வண்டிக்கு அடியில் படுத்து அதை உருவி எடுப்பதற்குள், பக்கத்து வயலிலிருந்து வந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, பட்டா மாறுதல் மனு ஒன்றை நீட்டினார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். "அதனாலென்னங்கம்மா, இருக்கிறவங்க மட்டும் என்ன செஞ்சிடுறாங்க?" என்றார். மனுவை வாங்கிக்கொண்டேன்.

திருவாரூரில் ஒரு கல்லூரியில் அவளை டேபிள் டென்னிஸ் வீராங்கனை என்று அறிமுகப்படுத்தினார்கள். எஸ்தர் திருத்தவில்லை. டேபிள் டென்னிஸ் என்றால் அங்கே ஆடச் சொல்ல மேசை இல்லை என்பதை அவள் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டிருந்தாள். திருத்துறைப்பூண்டியில் ஒரு பள்ளி, ஒரு பொன்னாடை, நல்ல இறால் தொக்கு. அங்கே ஆடச் சொன்னபோது, "மருத்துவச் சான்று கிடைத்ததும் தகவல் தெரிவிக்கப்படும்" என்றேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதுவே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சொந்த ஊர். குடவாசலுக்குத் தெற்கே. பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் என் இன்னொரு கையையும் முறித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எஸ்தர் இந்த ஆட்டத்தைக் கற்றது அங்கே நெல் உலர்த்தும் சிமெண்டுக் களத்தில். அறுவடை இல்லாத மாதங்களில் களம் காலி. சாலமன் இரண்டு மூங்கிலை நட்டு வலை கட்டிவிடுவான். எதிர்ப்பக்கம் ஆடியது அவளோடு படித்த செல்வி. இருவரும் மாவட்டப் போட்டிவரை சேர்ந்து போனார்கள். பிறகு எஸ்தருக்குப் பெங்களூரில் இடம் கிடைத்தது, செல்விக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை கிடைத்தது.

ஊராட்சித் தலைவர் கலியமூர்த்தி எங்களை நேராகக் களத்துக்கே அழைத்துப் போனார். களம் முழுவதும் கணுக்கால் ஆழத்துக்கு வைக்கோல் பரப்பி, மிதித்து அமுக்கி, அதன்மேல் பச்சைத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஓரங்களில் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். நடுவில் வலை. தூரத்திலிருந்து பார்த்தால் டிவியில் காட்டும் கோர்ட் மாதிரியே இருந்தது.

"சிமெண்டுத் தரையில ஆடி ஆடித்தான் பாப்பாவுக்கு முட்டி போச்சுன்னு சாலமன் சார் சொன்னாருங்க" என்றார் கலியமூர்த்தி. "ஊருக்கே மனசு கேக்கல. நம்ம களத்தால பொண்ணு கால் போச்சேன்னு பொம்பளைங்க அழுதாங்க. அதான் மெத்து மெத்துன்னு போட்டுட்டோம். அறுப்பு முடிச்சுட்டு வந்து ராத்திரி பகலா போட்டாங்கம்மா."

"வைக்கோல் வழுக்காதா?"

"அதுக்குத்தாங்க மேல தார்ப்பாய்!"

சாலமனைப் பார்த்தேன். அவன் தார்ப்பாயைப் பார்த்தான். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு முழங்காலிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அந்த மன்னிப்பின்மேல் முழங்காலை வைத்தால் ஜகார்த்தாவும் இல்லை, தரவரிசையும் இல்லை. இதை எந்த மொழியில் எடுத்துச் சொல்வது? நான் எழுத்துமூலம், உரிய முறை, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். கலியமூர்த்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ரெண்டே ரெண்டு அடிங்கம்மா" என்று முடித்தார்.

கூட்டத்திலிருந்து செல்வி வந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் நரம்பு தளர்ந்த பழைய மட்டை.

"என்னடி, வெளிநாட்டுக்காரிங்களோட மட்டுந்தான் ஆடுவியா? நாங்கள்லாம் ஆளாத் தெரியலையா?"

"வாய் மட்டும் குறையலடி உனக்கு."

"வாய்க்கென்ன, ரெண்டு புள்ள பெத்தும் கை குறையல. வந்து பாரு. இல்ல, பயமா இருந்தா சொல்லு, எங்க மாமியாரை அனுப்புறேன், அவங்களை ஜெயிச்சுக்கோ."

ஊர் சிரித்தது. எஸ்தரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே என் கதை முடிந்தது என்று தெரிந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.

"எஸ்தர்."

"ரெண்டு நிமிஷம்தான் அத்தை. நமக்காகப் போட்டிருக்காங்க. மிதிக்காம போனா நல்லாவா இருக்கும்?"

"கோச் என்ன சொன்னார்?"

"கோச் இந்த ஊர்ல பொறக்கல அத்தை."

பொறுப்பில் இருக்கும் ஒருவருக்குக் கடைசியாக ஓர் ஆயுதம் உண்டு. நான் எழுந்து நின்று, பழைய குரலில் அறிவித்தேன். "புதுசாப் போட்ட எந்தத் தளத்தையும் ஆய்வு செய்யாம பயன்பாட்டுக்கு விடக் கூடாது. நான் ஆய்வு பண்றேன்."

ஆய்வு என்ற சொல்லை எதிர்க்கும் துணிவு இந்த நாட்டில் யாருக்கும் இல்லை. கலியமூர்த்தி உற்சாகமாகவே வழிவிட்டார். "நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. டேய், அம்மா ஆய்வு பண்றதை வீடியோ எடுங்கடா!"

என் திட்டம் எளிமையானது. வலைவரை நடப்பது. அங்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்காருவது. வயதான பெண் விழுந்துவிட்டாள் என்று பதறுவார்கள், விழா கலையும், முழங்கால் தப்பும். எந்தப் பக்கமாக உட்காருவது, எப்படி முனகுவது என்பதுவரை மனதில் தயார் செய்துகொண்டு தார்ப்பாயில் கால் வைத்தேன்.

நான் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் வைக்கோல் நகர்ந்தது, வைக்கோலோடு தார்ப்பாயும் நகர்ந்தது, அவை இரண்டும் போன திசையில் என் கால்கள் போயின. நான் எதிர்த்திசையில் போனேன். முனகுவதற்கு ஒத்திகை பார்த்திருந்தேன். வெளியே வந்தது அலறல். வலது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மெத்தென்றுதான் இருந்தது, அந்த அளவில் கலியமூர்த்தி சொன்னது பொய்யில்லை.

முதலில் ஓடிவந்தது எஸ்தர் அல்ல, செல்வி. அவளும் என் பக்கத்திலேயே சறுக்கி உட்கார்ந்தாள். எஸ்தர் கோட்டுக்கு வெளியே ஷூவோடு நின்றுவிட்டாள். செல்வி கையால் தார்ப்பாயை அழுத்திப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு போனது.

"அடி ஆத்தா" என்றாள். பிறகு எஸ்தரைப் பார்த்துக் கத்தினாள். "வராதடி! அங்கேயே நில்லு! கால் வச்ச, கொன்னுடுவேன்!"

பத்து நிமிடமாக நான் முறைப்படி சொன்னது அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. கலியமூர்த்தி துண்டை எடுத்துத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "மெத்துன்னு இருக்கணும்னுதாங்க..." என்றார்.

"மெத்துன்னுதான் இருந்துச்சு தலைவரே" என்றேன்.

என் கையைத் துண்டில் தொங்கவிட்டு, குடவாசல் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரில் ஏற்றினார்கள். கார் நகர முடியவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு நெல் மூட்டைகளோடு டிராக்டர்கள் நின்றன. கொள்முதல் நிலையத்து வரிசை. முன்னால் இருப்பது நகர்ந்தால்தான் நாங்கள் நகர முடியும். சாலமன் இறங்கிப் போய் ஒவ்வொரு டிரைவரிடமும் கெஞ்சினான்.

எஸ்தர் கார் கதவோரம் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. செல்வி மட்டையைக் கீழே போடாமலே கூட வந்திருந்தாள். ஊர் மொத்தமும் பின்னால் நின்றது, தப்பு செய்த பிள்ளைகள் மாதிரி.

"நின்ன எடத்துல நின்னு தட்டலாமாடி?" என்றாள் செல்வி மெதுவாக.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நின்ற இடத்தில் தட்டலாம் என்பது பயிற்சியாளரின் ஆணை. தெரு கோர்ட் ஆகாது. விதி இடம் கொடுக்கும்போது மறுப்பதற்கு நான் யார்? தலையை ஆட்டினேன்.

மண் தெருவில், வலையில்லாமல், கோடில்லாமல் தொடங்கினார்கள். எஸ்தரின் கால் அசையவில்லை. காற்று இறகுப்பந்தை இழுத்துப்போன பக்கமெல்லாம் செல்வி வெறுங்காலோடு ஓடினாள், குனிந்தாள், பாய்ந்தாள், எங்கிருந்து அடித்தாலும் அதை எஸ்தரின் மட்டைக்கு முன்னாலேயே கொண்டுவந்து போட்டாள். முதலில் யாரோ ஒரு பெண் எண்ணத் தொடங்கினாள். பிறகு ஊரே எண்ணியது. டிராக்டர் டிரைவர்கள் இறங்கி வந்து எண்ணினார்கள். கலியமூர்த்தி எல்லோரையும்விடச் சத்தமாக எண்ணினார். முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்து வழி திறந்துவிட்டது. எங்கள் சேகர் வண்டியை எடுக்கவில்லை. அவரும் வெளியே நின்று எண்பத்து மூணு, எண்பத்து நாலு என்று சொல்லிக்கொண்டிருந்தார். முறிந்த மணிக்கட்டோடு பின்சீட்டில் ஒரு பெண்மணி இருப்பது யாருக்கும் நினைவில்லை.

நானும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட இளம் டாக்டர், "எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"பணியின்போது" என்றேன்.

ஜகார்த்தாவில் எஸ்தர் முதல் சுற்றில் ஒரு தாய்லாந்துப் பெண்ணைத் தோற்கடித்தாள். இரண்டாவது சுற்றில், டிவியில் காட்டும் முதல் பத்துப் பேரில் ஒருத்தியிடம் தோற்றாள். முழங்கால் தாங்கியது. நாற்காலி கைவிட்டுப் போகவில்லை, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். அன்று மாலையே அவள் பேசினாள். "அத்தை, நீங்க வேணும்னுதானே விழுந்தீங்க? சாலமன் சார் சொல்றார்." அப்பாவைச் சார் என்று அவள் அழைப்பது அவனைக் கேலி செய்யும்போது மட்டும். இந்தத் தகவல் பரிசீலனையில் உள்ளது என்று சொல்லி போனை வைத்தேன்.

மறுநாள் கலியமூர்த்தி பேசினார். ஊரே கைபேசியில் ஆட்டத்தைப் பார்த்ததாம், செல்வி வீட்டில் உட்காரவும் இடமில்லையாம்.

"வெற்றி விழா வைக்கணும்னு ஊர்ல முடிவு பண்ணிட்டோம்மா. நீங்க கட்டாயம் வரணும். இந்தத் தடவை தார்ப்பாயே கெடையாது. தென்னை நாரு மெத்தை போட்டு, மேல சாக்கு விரிச்சு, நல்லா இறுக்கித் தச்சுடுறோம். துளி வழுக்காது."

முடியாது என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் வரிசையாக நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"வர்றேன் தலைவரே. ஆனா இந்தத் தடவை ஆய்வு நீங்க பண்ணுங்க."